முட்டாமல் நடக்க வேண்டிய மருத்துவம்

நோய் தீருமா தீராதா என்பதை வைத்து ஆயுர்வேத நூல்கள் அதை வகை பிரிக்கின்றன. மருந்தால் தீர்வது சாத்தியம். எந்த மருந்துக்கும் மசியாதது அசாத்தியம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது யாப்பியம். மருந்து உள்ளவரை அடங்கியிருக்கும், நின்றால் மறுபடி தலைதூக்கும். சுசுருத சங்கிதை இதற்கு ஒரு வீட்டை உவமை காட்டுகிறது. சாயவிருக்கும் வீட்டைச் சரியான இடத்தில் ஊன்றிய முட்டுத்தூண் தாங்குவது போல மருத்துவம் யாப்பிய நோயாளியைத் தாங்குகிறது. பெற்றோரின் வித்திலேயே உள்ள குற்றத்தால் வரும் நோய்களையும் அதே நூல் தனி வகையாக வைக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான நொதி மாற்றுச் சிகிச்சை யாப்பியம், வித்துக் குற்றம் என்ற இந்த இரண்டு வகைகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. பிறவியிலேயே ஒரு நொதி குறைந்த உடலுக்கு அந்த நொதியைச் சிரை வழியாக, பெரும்பாலும் வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுதும் ஏற்றுவதே இந்தச் சிகிச்சை. இதன் வரலாற்றில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று, மருந்து கண்டறியப்பட்ட கதை. மற்றது, ஓயாத மருத்துவத்துக்கு ஓயாமல் பொருள் கிடைக்கச் செய்யும் ஏற்பாட்டின் கதை. இரண்டாவது இழை மிகப் பழையது. அதன் ஒரு முனை ஸ்ரீரங்கத்தில் கல்லில் இருக்கிறது.

ஆதுலர் சாலையும் ஆரோக்கியசாலையும்

சோழர் காலத்திலேயே கோயில்களை ஒட்டி மருத்துவச் சாலைகள் நடந்தன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் (நோயாளர்) சாலையின் வரவுசெலவை விரிவாகச் சொல்கிறது. வீரசோழன் என்பது அதன் பெயர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவம் செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சுவோருக்கும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும், நாவிதருக்கும் தனித்தனிப் படி. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. சாலையில் ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய தைலங்கள், கிருதங்கள், வடகங்கள் சுமார் 20 பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. மருந்து தீர்ந்த பிறகு வாங்கும் வழக்கம் அங்கே இல்லை.

ஸ்ரீரங்கத்துக்கு இந்த ஏற்பாடு போசளர் காலத்தில் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் போசளர்கள் கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் இருந்து ஆண்டனர். போசள மன்னன் வீர ராமநாதனின் பிரதானி சிங்கண்ண தண்டநாயக்கர் 1257இல் ஸ்ரீரங்கம் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை நடப்பதற்கு நிலம் விட்டார். அதன் பொறுப்பு கருடவாகன பண்டிதரிடம் இருந்தது.

அடுத்த நூற்றாண்டு ஸ்ரீரங்கத்துக்குக் கொடியது. 1311, 1323 ஆண்டுகளின் படையெடுப்புகளில் கோயில் சூறையாடப்பட்டது. உற்சவ மூர்த்தி ஊர் ஊராகப் போய் 1371இல்தான் திரும்பினார். பின்னரும் கலகங்கள் வந்தன. சக ஆண்டு 1415, அதாவது 1493இல் எழுதப்பட்ட கல்வெட்டு, சிதைந்துபோன ஆரோக்கியசாலையை அதே மரபில் வந்த கருடவாகன பட்டர் புதுப்பித்து, அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைப் பதிவு செய்கிறது. முதல் கொடைக்கும் இந்தப் புதுப்பிப்புக்கும் இடையே 236 ஆண்டுகள். அரசுகள் மாறின, சாலை இடிந்தது, மருத்துவப் பொறுப்பு மட்டும் ஒரு மரபில் நின்றது. தன்வந்திரி சன்னதி இன்றும் கோயிலுக்குள் இருக்கிறது.

இத்தகைய கொடைகளின் அடிப்படைக் கணக்கு எளிது. முதலைத் தொடக் கூடாது, அதன் பலனை மட்டுமே செலவழிக்க வேண்டும். நிலம் விட்டால் விளைச்சல், பொன் வைத்தால் பொலிசை, அதாவது வட்டி. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடுவது வழக்கம். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும். மந்தையின் எண்ணிக்கை குறையாது, ஆகவே விளக்குக்கு நெய்யும் குறையாது. கல்வெட்டுகளில் ‘முட்டாமல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். தடைபடாமல் என்பது அதன் பொருள். முட்டினால், அதாவது தவறினால், தவறியதைப் போல இரு மடங்கு கொடுக்க வேண்டும் என்ற தண்டமும் பல கல்வெட்டுகளில் உண்டு. அன்றைய மருந்துகள் எந்தெந்த நோயைத் தீர்த்தன என்பது வேறு கேள்வி. நீண்ட மருத்துவத்துக்கு நீண்ட முதல் வேண்டும் என்பது அந்தக் கொடையாளிகளுக்குத் தெரிந்திருந்தது.

உறவுத் திருமணமும் மறைந்திருக்கும் மரபணுவும்

இனி நோயின் பக்கம். மாமன் மகளை மணப்பது தென்னாட்டார் வழக்கம் என்று போதாயன தர்மசூத்திரம் குறிப்பிடும் அளவுக்கு அந்த வழக்கம் தொன்மையானது. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் ஆகியோரை மணப்பது காவிரிக் கரையிலும் தலைமுறைகளாக நடந்து வந்தது. முறைப்பெண் என்பது உரிமைச் சொல். நிலம் வெளியே போகாது, பெண் தெரியாத வீட்டுக்குப் போகாது என்பவை அதன் நடைமுறைக் காரணங்கள். கோத்திரம் வேறாக இருக்கும் வரை அந்தணக் குடும்பங்களும் இதை ஏற்றன. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவினர் திருமணத்தைத் தடை செய்தபோது, வழக்கம் அனுமதிக்கும் இடங்களுக்கு விலக்கு அளித்தது. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவில் மணந்தவர்கள்.

இந்த வழக்கத்துக்கும் பிறவி வளர்சிதை மாற்ற நோய்களுக்கும் உள்ள தொடர்பு முதலில் இங்கிலாந்தில் கவனிக்கப்பட்டது. சிறுநீர் காற்றுப் பட்டால் கறுத்துப்போகும் அல்கேப்டன்யூரியா நோயை ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் கேரட், நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சகோதர உறவினர் என்று 1902இல் எழுதினார். உடலின் வேதி வேலைகளில் ஒரு படி பிறவியிலேயே தடைபட்டிருக்கலாம் என்ற கருத்தை 1908ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் விரித்தார்.

அதன் கணக்கு இன்று தெளிவாகியிருக்கிறது. ஒவ்வொரு நொதிக்கும் உரிய மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒரு பிரதி பழுதானால் மற்றது ஈடுகட்டும். அந்த மனிதருக்கு நோய் இல்லை, அவர் கடத்தி மட்டுமே. கணவன், மனைவி இருவரும் ஒரே பழுதின் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வெளிப்படும். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. ஆகவே ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறவில் மணந்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். உறவே இல்லாத தம்பதியருக்கும் இந்நோய்கள் வருகின்றன. ஃபேப்ரி, ஹன்டர் போன்ற சில நோய்கள் எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை.

குப்பை தேங்கும் உயிரணு

உயிரணுவில் கழிவு தேங்கும் நோய்களில் நொதி மாற்றுச் சிகிச்சை முதலில் பலன் தந்தது கௌச்சர் நோய்க்கே. மண்ணீரல் பெரிதும் வீங்கிய 32 வயதுப் பெண் ஒருவரின் உடலில் கண்ட விந்தையான பெரிய உயிரணுக்களை, பாரிசில் மருத்துவ மாணவராக இருந்த ஃபிலிப் கௌச்சர் 1882இல் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அது ஒரு வகைப் புற்று என்று அவர் கருதினார். உண்மைக் காரணம் தெரிய 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1955இல் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ், உயிரணுவுக்குள் கழிவுகளைச் செரிக்கும் சிறு பைகளைக் கண்டறிந்து லைசோசோம் என்று பெயரிட்டார். 1963இல் அவருடைய சகாவான ஆன்றி எர்ஸ், போம்பே நோயில் அந்தப் பையில் இருக்க வேண்டிய ஒரு நொதி இல்லை என்று காட்டினார். பையில் ஒரு நொதி குறைந்தால் அது செரிக்க வேண்டிய பொருள் தேங்கும் என்பது அத்துடன் புலனாயிற்று. இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் பை அதை ஏற்கலாம் என்று டி டூவ் 1964இல் கூறினார். அதே காலத்தில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் ராஸ்கோ பிராடி, கௌச்சர் நோயில் குறைவது குளுக்கோசெரிபுரோசிடேஸ் என்ற நொதி என்று நிறுவினார்.

முதிர்ந்த இரத்த அணுக்களை விழுங்கிச் செரிப்பது பெருவிழுங்கு அணுக்களின் வேலை. அந்த நொதி இல்லாதபோது அணுச்சவ்வின் கொழுப்பு அவற்றுக்குள் செரிக்காமல் தேங்குகிறது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. எலும்பு மச்சை நெருக்கப்பட்டு இரத்தச் சோகை வருகிறது, தட்டணுக்கள் குறைந்து இரத்தம் கசிகிறது, எலும்பு வலிக்கிறது. வயிறு மட்டும் பெருத்து, கைகால் மெலிந்து, வளர்ச்சி நின்ற குழந்தையாக இந்நோய் மருத்துவர் முன் வருகிறது.

நஞ்சுக்கொடியிலிருந்து ஆய்வுக்கலத்துக்கு

நொதியை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வி. பிரசவத்துக்குப் பின் எறியப்படும் நஞ்சுக்கொடியில் அது இருந்தது. அதிலிருந்து பிரித்த நொதியை பிராடியின் குழு 1973இல் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றியது. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு சுமார் கால் பங்கு குறைந்தது. ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளின் முயற்சிகள் ஏமாற்றின. ஏற்றிய நொதியில் பெரும்பகுதி தேவையான பெருவிழுங்கு அணுவுக்குப் போகாமல் வேறு அணுக்களுக்குப் போயிற்று. பெருவிழுங்கு அணுவின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் வாயில்கள் உண்டு. நொதியின் சர்க்கரைக் கிளைகளைச் செதுக்கி, நுனியில் மேனோஸ் தெரியும்படி செய்த பிறகுதான் மருந்து முகவரி தப்பாமல் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்கா 1983இல் இயற்றிய அரிய நோய் மருந்துச் சட்டம், நோயாளிகள் குறைந்த நோய்க்கு மருந்து செய்யும் நிறுவனத்துக்கு ஏழாண்டுத் தனி விற்பனை உரிமை அளித்தது. ஜென்சைம் நிறுவனம் அதன் கீழ் இந்த மருந்தை எடுத்துக்கொண்டது. 12 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அனைவருக்கும் ஹீமோகுளோபின் உயர்ந்து மண்ணீரல் சுருங்கியது. 1991 ஏப்ரலில் செரிடேஸ் என்ற பெயரில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்துக்குச் சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. 1994இல் சீன வெள்ளெலியின் உயிரணுக்களைக் கொண்டு ஆய்வுக்கலத்தில் வளர்த்தெடுத்த செரிசைம் வந்தபின் நஞ்சுக்கொடி சேகரிக்கும் தேவை நீங்கியது. விலை மட்டும் குறையவில்லை. உலகின் மிக விலை உயர்ந்த மருந்துகளின் வரிசையில் அது தொடர்ந்து இருந்தது.

பிற நோய்களுக்கும் இதே வழியில் மருந்துகள் வந்தன. 2001இல் ஐரோப்பாவில் ஃபேப்ரி நோய்க்கும், 2003இல் மியூகோபாலிசாக்கரிடோசிஸ் முதல் வகைக்கும், 2005இல் அதன் ஆறாம் வகைக்கும், 2006இல் போம்பே நோய்க்கும் ஹன்டர் நோய்க்கும், 2014இல் மோர்கியோ நோய்க்கும் ஒப்புதல் கிடைத்தது.

இந்த முட்டுத்தூணுக்கும் எல்லை உண்டு. நொதி பெரிய மூலக்கூறு. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பை அது தாண்டாது. மூளையைத் தாக்காத கௌச்சர் முதல் வகைக்கு அது நல்ல மருந்து. மூளையைத் தாக்கும் வகைகளில் வயிறு வற்றும், இரத்தம் ஊறும், நரம்பு மண்டலச் சேதம் நிற்காது. இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் எல்444பி என்ற மரபணு மாற்றம் மூளையைத் தாக்கும் வகையோடு தொடர்புடையது என்பதால் இங்கே இந்த எல்லை கூடுதலாக உணரப்படுகிறது.

2009 ஜூனில் ஜென்சைமின் பாஸ்டன் தொழிற்சாலையில் உயிரணு வளர்க்கும் கலங்களில் ஒரு வைரஸ் புகுந்து உற்பத்தி நின்றது. உலகெங்கும் நோயாளிகள் அளவைக் குறைத்தும் இடைவெளியைக் கூட்டியும் சமாளிக்க நேர்ந்தது. ஒரே தொழிற்சாலையை நம்பிய ஆயுள் மருந்து முட்டுப்பட்டால் என்ன ஆகும் என்பது அப்போது தெரிந்தது. அதன் பின்னரே 2010இலும் 2012இலும் வேறு நிறுவனங்களின் கௌச்சர் மருந்துகள் ஒப்புதல் பெற்றன. அவற்றுள் ஒன்று கேரட் கிழங்கின் உயிரணுக்களில் தயாரானது.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியாவுக்கு இந்த மருந்து முதலில் தானமாக வந்தது. 1999இல் ஜென்சைம் தொடங்கிய அறத் திட்டம், மருத்துவக் குழு தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து அளித்தது. இடங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் காப்பீடு பெற்ற தொழிலாளர் சிலரின் பிள்ளைகளுக்குச் செலவை ஏற்றது. அந்தக் காப்பீட்டுக்கும் ஊதிய வரம்பு உண்டு. 2017இல் அது மாதம் 21,000 ரூபாயாக உயர்ந்தது. பெற்றவருக்கு வேலை போனாலும், சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், பிள்ளையின் மருந்து கேள்விக்குள்ளாகும்.

அடுத்த வழி நீதிமன்றம். கௌச்சர் நோயுள்ள, ரிக்‌ஷா தொழிலாளி ஒருவரின் மகனுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரல் 17 அன்று, சிறுவனுக்கு இலவசமாக மருந்து கிடைக்கச் செய்ய அரசுக்கு ஆணையிட்டது. ஏழை என்பதற்காக, மருந்து உள்ள நோய்க்கு மருந்து மறுக்கப்படலாகாது என்பது அதன் சாரம். சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பிற நீதிமன்றங்களுக்கும் இத்தகைய மனுக்கள் வந்தன.

மத்திய அரசு 2017இல் வகுத்த அரிய நோய்க் கொள்கை அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் புதிய தேசியக் கொள்கை வந்தது. அது நோய்களை மூன்று தொகுதிகளாக்கியது. ஒரே முறை சிகிச்சையில் தீரக்கூடியவை முதல் தொகுதி. செலவு ஒப்பளவில் குறைந்த நீண்ட சிகிச்சை வேண்டுபவை இரண்டாவது. மருந்து இருந்தும் மிகுந்த செலவில் ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டியவை மூன்றாவது. நொதி மாற்றுச் சிகிச்சை பெறும் நோய்கள் மூன்றாம் தொகுதியில் வைக்கப்பட்டன. தொடக்கத்தில் 20 லட்சம் ரூபாய் வரையிலான உதவி முதல் தொகுதிக்கே கிடைத்தது. மூன்றாம் தொகுதிக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் இணையவழி ஏற்பாடு மட்டும் சொல்லப்பட்டது. 2022 மே மாதம் எல்லாத் தொகுதிக்கும், அரிய நோய்க்கென அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை என்று மாற்றப்பட்டது. கொள்கையில் பட்டியலிட்ட நோய்களுக்காகச் சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதியாகும் மருந்துகளின் அடிப்படைச் சுங்க வரி 2023 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது.

ஆரோக்கியசாலை நடத்தியவர்களின் கணக்கை இந்த 50 லட்சத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கோயிலுக்கு விட்ட நிலம் அப்படியே இருக்க, அதன் பலன் செலவானது. இங்கே முதலே செலவாகிறது. கௌச்சர் மருந்தின் அளவு எடைக்கு ஏற்றது. வழக்கமான முழு அளவு ஒரு கிலோவுக்கு 60 அலகு. 10 கிலோ குழந்தை 20 கிலோ ஆனால் மருந்தும் செலவும் இரட்டிக்கும். மருந்து நன்றாக வேலை செய்து பிள்ளை வளர வளர, ஒதுக்கிய தொகை விரைவாகக் கரையும். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நொதி மருந்தின் ஆண்டுச் செலவு அதைப் பல மடங்கு மிஞ்சுவது.

திருச்சியிலிருந்து பார்க்கையில்

திருச்சிராப்பள்ளியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும், அதனோடு இணைந்து 1997இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. சோகையும் வீங்கிய மண்ணீரலும் கொண்ட குழந்தையை முதலில் காண்பது இத்தகைய மாவட்ட மருத்துவமனைகளே. அந்த அறிகுறிகள் மலேரியா, தலசீமியா, இரத்தப் புற்று எல்லாவற்றுக்கும் பொது என்பதால் அரிய நோய் நினைவுக்கு வர நாளாகிறது. சந்தேகம் வந்துவிட்டால் சோதனை கடினமில்லை. வடிதாளில் சில துளி இரத்தத்தை உலர்த்தி, ஹைதராபாத், அகமதாபாத், டெல்லி போன்ற ஊர்களில் உள்ள மரபியல் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி நொதியை அளக்கலாம். பின்னர் மரபணுச் சோதனை அதை உறுதி செய்யும்.

சிகிச்சைதான் தொலைவில் இருக்கிறது. 2021 கொள்கை அறிவித்த எட்டுச் சிறப்பு மையங்களில் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இருக்கவில்லை. திருச்சிக்கு அருகிலிருந்தது 300 கிலோமீட்டருக்கு அப்பால் பெங்களூரு. பட்டியல் பிறகு விரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 26 முறை. ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு ஊசி, ஒன்றிரண்டு மணி நேரம் முதல் சில நோய்களுக்கு நான்கு மணி நேரம் வரை டிரிப்ஸ், பெற்றவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்க வேண்டும். முதல் சில முறைகள் ஒவ்வாமைக்கு ஆயத்தமாக உள்ள பெரிய மருத்துவமனையில் நடந்து, உடல் மருந்தை ஏற்றுக்கொண்டபின் வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவமனையிலேயே ஏற்றலாம் என்பது பிற நாடுகளிலும் நடைமுறை.

அடுத்த பிள்ளையைப் பற்றிய முடிவும் இந்த மருத்துவத்தின் ஒரு பகுதி. குடும்பத்தில் உள்ள மரபணு மாற்றம் தெரிந்துவிட்டால், அடுத்த கருவில் மூன்றாம் மாதத்திலேயே நஞ்சுக்கொடியிலிருந்து சிறு திசு எடுத்துச் சோதிக்கலாம். உறவினர்களில் கடத்தி யார் என்றும் அறியலாம். முறைப்பெண் பேச்சு எடுக்கும் வீடுகளில் ஜாதகத்தோடு இந்தச் சோதனைத் தாளையும் பார்க்கச் சொல்வது மரபியல் ஆலோசகர்களின் வேலையாகியுள்ளது.

உறைமாத்திரை வடிவில் ஒரு மாற்றும் வந்திருக்கிறது. எலிகுளுஸ்டாட் என்ற மருந்து, தேங்கும் கொழுப்பு உற்பத்தியாவதையே குறைக்கிறது. கௌச்சர் முதல் வகையில் வயது வந்தோருக்கு உதவுகிறது. ஆண்டுக்கு 1.8 கோடி முதல் 3.6 கோடி ரூபாய் வரை இருந்த அதன் செலவு, உள்நாட்டுத் தயாரிப்பால் 3 லட்சம் முதல் 6 லட்சமாகக் குறைவதாக 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. முந்தைய தொகையில் ஓர் ஆண்டுக்குக்கூடக் காணாத 50 லட்சம், புதிய விலையில் எட்டு முதல் பதினாறு ஆண்டுகளுக்கு வரும். மாத்திரையும் நாள்தோறும் ஆயுள் முழுதும் விழுங்க வேண்டியதே. நோய் யாப்பியமாகவே இருக்கிறது. குறைந்திருப்பது முட்டுத்தூணின் விலை.